பழைய வானில் தண்ணீர் குறைகிறதா? கூலன்ற் ஒழுக்கை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

காலையில் வண்டியை எடுக்கமுதல் ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஒரு போத்தல் தண்ணீர் விடுவதை எங்கள் பக்கத்தில் பலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். சீற்றுக்குப் பின்னால் 5 லீற்றர் கான் ஒன்று எப்போதும் கிடக்கும். கேட்டால் "பழைய வண்டிதானே, தண்ணி குடிக்கும்" என்பார்கள். எந்த எஞ்சினும் தண்ணீர் குடிப்பதில்லை. டீசல் எரிந்து முடிகிறது, ஒயிலும் கொஞ்சம் எரிகிறது. ஆனால் ரேடியேற்றரில் இருப்பது மூடிய வட்டத்துக்குள் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டியது. அது குறைந்தால் ஒன்றில் வெளியே போயிருக்கிறது, இல்லையென்றால் எஞ்சினுக்குள் போயிருக்கிறது. எந்த வழியால் போனது என்று தெரியாமல் விடுகிற ஒவ்வொரு போத்தலும் பழுதை மறைத்துப் பெரிதாக்குகிறது.

வன்னியில் இதைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, வண்டிகளின் வயது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் புது வண்டி விலை இங்கே எத்தனை பேருக்கு எட்டும்? டொல்பின் வானும் லைற்ஏஸும் ரவுண்ஏஸும் எல்ஃப் லொறியும் இன்னும் பல வருடம் ஓடியே ஆக வேண்டும். இரண்டாவது, தண்ணீர். எங்கள் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது பெரும்பாலும் கல்சியம் கூடிய தடித்த தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கவும் துருவைத் தடுக்கவும் தண்ணீரோடு விடும் திரவம்) இல்லாத வெறும் தண்ணீர் இரும்பையும் உள்ளிருந்து உக்க வைக்கிறது. ஆக, ஒழுக்கை ஈடுசெய்ய விடும் கிணற்றுத் தண்ணீரே அடுத்த ஒழுக்குக்கு வழி செய்துவிடுகிறது.

திறக்கமுதல்

சூடான ரேடியேற்றரின் மூடியில் கை வைக்காதீர்கள். மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் அடித்திருக்கும், சிலவற்றில் 88 அல்லது 108 என்று இருக்கும். அந்த மூடி எவ்வளவு அமுக்கத்தைப் பிடித்து வைக்கும் என்பதை அது சொல்கிறது. 0.9 மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அந்த அமுக்கம் ஒரு நொடியில் போய், உள்ளே இருப்பது அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கும் நெஞ்சுக்கும் வரும். மேல் ஹோஸைத் துணியோடு பிடித்து நசித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அமுக்கம் இருக்கிறது, இன்னும் பொறுக்க வேண்டும். தொய்வாகி, கையால் தாராளமாகத் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணி போட்டுக் கால்வாசி திருப்பினால் மூடி ஒரு தடையில் நிற்கும். அதில் நிறுத்தி, சீறும் சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம்.

தேடுவதற்கு வேண்டியவை அதிகமில்லை. நல்ல ரோச் லைற், முகச்சவரம் செய்யும் சின்னக் கண்ணாடி, பழந்துணி, வண்டிக்குக் கீழே விரிக்க ஒரு பெரிய காட்போட் மட்டை. அதோடு, வெறும் தண்ணீரில் ஓடும் வண்டியென்றால் தேடத் தொடங்குமுன் பச்சையோ சிவப்போ ஏதாவது நிறக் கூலன்ற் விட்டுக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் ஒழுகிக் காய்ந்தால் பல இடங்களில் அடையாளமே இருக்காது. நிறமுள்ள கூலன்ற் போன வழியெல்லாம் கறை விட்டுப் போகும்.

காலையில் வண்டிக்குக் கீழே ஈரம்

சீமெந்துத் தரை போட்ட கராஜ் எத்தனை வீட்டில் இருக்கிறது? முற்றத்து மணலிலும் கிரவலிலும் நிற்கும் வண்டியின் ஒழுக்கை நிலம் குடித்துவிடும். இரவு வண்டியை விட்ட பிறகு மட்டையை அடியில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து, முன் சில்லுகள் நிற்கும் கோட்டை மட்டையில் கீறி விடுங்கள். காலையில் பொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதைக் கோட்டோடு ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. மட்டை கிடைக்காவிட்டால் வெட்டி விரித்த உரப்பையும் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏசி போட்டு ஓடி வந்த வண்டியின் கீழே சொட்டும் தண்ணீர் பழுதல்ல. அது நிறமில்லாமல், மணமில்லாமல், விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீராக இருக்கும். கூலன்ற் சற்று வழுக்கும், இனித்த மணம் வரும். மணந்து பாருங்கள், நாக்கில் வைக்க வேண்டாம். எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு.

முன் விளிம்புக்கு நேர் கீழே பொட்டு விழுந்தால் ரேடியேற்றரையோ அதன் கீழ் ஹோஸையோ பாருங்கள். அதற்குச் சற்றுப் பின்னால், பெல்ற் ஓடும் இடத்துக்குக் கீழே என்றால் வோட்டர் பம்ப். வண்டியின் நடுவில் என்றால் ஹீற்றர் குழாய்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறிய நேரத்தில் மட்டும் ஒழுகி, எஞ்சின் சூடானதும் நின்றுவிடும் ஒழுக்கு பெரும்பாலும் ஹோஸ் கிளிப்பில் இருக்கும். பழைய றபர் விறைத்துப்போய், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது குழாயோடு ஒட்டாமல் நிற்கிறது. சூடானால் விரிந்து திரும்ப அடைபடுகிறது. கிளிப்பை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் பலங்கொண்ட மட்டும் இறுக்காதீர்கள், கிளிப் றபரை வெட்டும். கழற்றி, குழாயின் வாயில் படிந்த வெள்ளைப் படிவைச் சுரண்டித் துடைத்து, ஹோஸின் நுனியில் அமுங்கிப்போன பகுதியை வெட்டி விட்டுத் திரும்ப மாட்டுங்கள். ஹோஸே நீளம் போதாமல் இருந்தால் புதிதாகப் போடுவதுதான் வழி. ரேடியேற்றரின் அடியில் தண்ணீர் வெட்டும் ஆணியையும் ஒருதரம் தொட்டுப் பாருங்கள். அதன் வாஷர் தேய்ந்தாலும் இப்படித்தான் விடிய விடியச் சொட்டும்.

ஓடி நிறுத்தினால் மட்டும் சொட்டுகிறது

காலையில் மட்டை காய்ந்து கிடக்கும். வண்டி ஓடி நின்றால்தான் சொட்டு விழும். அமுக்கம் ஏறும்போது மட்டும் திறக்கும் ஒழுக்கு இது. இதைப் பார்க்க ஏ9 வீதியில் ஓடுகிறவர்களுக்கு நல்ல இடம் முறிகண்டி. எப்படியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வண்டியும் நிற்கும். வேகமாக ஓடிவந்த எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் இரும்பில் உள்ள சூடு உடனே போகாது. அதனால் நிறுத்தி முதல் சில நிமிடங்களில் உள்ளே சூடும் அமுக்கமும் இன்னும் ஏறும். கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது குனிந்து கீழே பார்த்தால் ஒளிந்திருந்த ஒழுக்கு தெரியும். உடனேயே ஏறிப் புறப்பட்டால் தெரியாது.

டொல்பின், லைற்ஏஸ் போன்ற வான்களில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால் சீற்றைத் தூக்காமல் எதுவும் பார்க்க முடியாது. தூக்கிவிட்டு ரோச் அடித்துப் பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

ஹோஸ்கள். வெளியே பார்த்து முடிவு செய்யாமல் விரலால் நசித்துப் பாருங்கள். நசிக்கும்போது உள்ளே நொறுங்குவது தெரிந்தாலோ, ஓரிடம் மட்டும் வீங்கியிருந்தாலோ, ஒயில் பட்டு மெதுமெதுவென்று ஆகியிருந்தாலோ அது இனிக் கன நாள் தாங்காது. பெரிய இரண்டு ஹோஸையும் எல்லாரும் மாற்றுகிறார்கள். வோட்டர் பம்புக்கும், சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்ரற்றின் கூட்டுக்கும் நடுவே பல எஞ்சின்களில் ஒரு குட்டை ஹோஸ் ஒளிந்திருக்கும், அதை மறந்துவிடுகிறார்கள். பெரிய ஹோஸ் மாற்றும்போது அதையும் மாற்றிவிடுங்கள். அதன் விலை சின்னது, ஆனால் ஒலுமடுவைத் தாண்டிக் காட்டுக்குள் அது வெடித்தால் பொழுது முழுக்க அங்கேதான்.

ரேடியேற்றர். பித்தளை ரேடியேற்றரில் ஒழுக்கு இருக்கும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். தகட்டுக் கோரும் மேல் கீழ்த் தொட்டிகளும் சேரும் மூட்டுத்தான் வழக்கமான இடம். இதை ஈயம் வைத்து ஒட்டலாம், கை தேர்ந்தவர் ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். பிளாஸ்ரிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேற்றர் என்றால் கதை வேறு. பிளாஸ்ரிக் வருடங்கள் போகப் போகச் சூட்டில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், மேல் ஹோஸ் ஏறும் வாய்க்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விழும். பசை பூசி ஒட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் அபிப்பிராயம், அது அடுத்த கராஜ் வரைக்கும் தாங்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

வோட்டர் பம்ப். இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பம்பின் கழுத்துக்கு அடிப்பக்கத்தில் பென்சில் நுனி போகக்கூடிய ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பெயாறிங்குக்குள் போய்விடாமல் வெளியேறுவதற்காகத் தயாரிப்பாளரே வைத்த துளை அது. அந்தத் துளை கண்ணுக்கு நேரே படாது, சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்து ரோச்சை அதில் அடிக்க வேண்டும். நல்ல பம்பில் துளை தூசி பிடித்துக் காய்ந்திருக்கும். பழுது தொடங்கிய பம்பில் துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு ஓடியிருக்கும். சிவப்புக் கூலன்ற் என்றால் இளஞ்சிவப்புத் தூளாக, வெறும் கிணற்றுத் தண்ணீர் என்றால் வெள்ளையும் துருவும் கலந்த பொருக்காக. விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும். ஈரமே இல்லாவிட்டாலும் அந்தப் பொருக்குப் போதும், பம்ப் தன் முடிவைச் சொல்லிவிட்டது. எஞ்சின் நின்றிருக்கும்போது பானின் இரண்டு எதிர் இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பம்பின் தண்டில் ஆட்டம் தெரிந்தால் பெயாறிங்கும் போய்விட்டது. அப்படியே ஓடினால் ஒரு நாள் பான் போய் ரேடியேற்றரைக் கிழிக்கும். அந்தத் துளையை எம்-சீல் பசை வைத்து அடைத்துக் கொடுத்த வேலையையும் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணீர் பெயாறிங் பக்கம் திரும்பும். அந்த வேலையைச் செய்ய யாரையும் விடாதீர்கள். சில எஞ்சின்களில் பம்பைச் சுழற்றுவது ரைமிங் பெல்ற். அங்கே ஒழுகும் தண்ணீர் பெல்ற்றைக் கெடுத்துவிடும், ஆகவே பம்ப் மாற்றும்போது பெல்ற்றையும் மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி.

கோர் பிளக். எஞ்சின் புளொக்கின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ வட்டத் தகடுகள் அடித்திருக்கும். வருடக்கணக்கில் கூலன்ற் இல்லாமல் ஓடிய எஞ்சின்களில் இவை உள்ளிருந்து உக்கி, ஊசித்துளை விடும். வெளியே துருக் கண்ணீர் வடிந்த தடம் இருக்கும். ஒன்று உக்கினால் மற்றவையும் பின்னால் வரும். கைக்கு எட்டுகிற எல்லாவற்றையும் ஒரே வேலையில் மாற்றச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்து இடம் பிடிபடாவிட்டால் அமுக்கம் பார்க்கும் கைப்பம்ப் வைத்திருக்கும் கராஜுக்குப் போங்கள். ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் அடித்திருக்கும் அளவு வரைக்கும் மட்டும் காற்றடித்து விட்டால், எஞ்சின் ஓடாமலேயே ஒழுக்கு வெளியே வரும். முள் இறங்குகிறது, ஆனால் எங்கேயும் ஈரம் இல்லை என்றால் அது உள் ஒழுக்கு.

ரிசேவ் போத்தல் பொங்கி வழிகிறது, அல்லது போத்தல் நிறைந்திருக்க ரேடியேற்றர் குறைகிறது

ரேடியேற்றர் மூடியின் கீழிருந்து மெல்லிய குழாயால் தண்ணீர் போய் வரும் போத்தல்தான் ரிசேவ் போத்தல். முதலில் மூடியை மாற்றுங்கள். இந்தப் பட்டியலில் ஆக மலிந்த சாமான் அதுதான். மூடியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரியது, அமுக்கம் அளவு மீறினால் திறந்து தண்ணீரைப் போத்தலுக்கு விடும். நடுவில் இருக்கும் சின்னது, எஞ்சின் ஆறும்போது போத்தலிலிருந்து திரும்ப இழுக்கும். பெரியதன் றபர் வெடித்தால் அமுக்கம் நிற்காமல் தண்ணீர் போத்தலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சின்னது ஒட்டிக்கொண்டால் போனது திரும்பி வராது, எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாகி ஒட்டியிருக்கும். போத்தலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும்.

புது மூடி வாங்கும்போது பழையதில் இருந்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். பொங்குகிறது என்று 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸும் ரேடியேற்றரும் அந்த அமுக்கத்தைத் தாங்காது. நல்ல மூடி போட்ட பிறகும் பொங்கினால், கீழே வரும் "ஒரு சொட்டும் விழவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

ஒழுக்கே இல்லாமல் பொங்குவதும் உண்டு. காலபோக அறுவடை நேரம் வெட்டு மெசினுக்குப் பின்னாலும் வயல் வரம்புப் பாதையிலும் ஓடிய உழவு இயந்திரங்களின் ரேடியேற்றரைப் பாருங்கள். பதரும் வைக்கோல் தூசும் தகடுகளுக்குள் இறுகி, காற்றே போகாமல் இருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய அமுக்கத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் போய்விடும். பவர் வோஷைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

வண்டிக்குள் இனித்த மணம், கம்பளம் ஈரம்

வண்டிக்குள் சூட்டுக்காற்றுத் தரும் ஹீற்றர் கோர் ஒழுகுகிறது. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல் மங்கும், இடப்பக்கக் கால் வைக்கும் இடத்தில் கம்பளம் ஈரமாகும். வன்னி வெயிலில் ஹீற்றர் இல்லாமல் ஓடலாம். எஞ்சினிலிருந்து ஹீற்றருக்குப் போய் வரும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரே ஹோஸால் எஞ்சின் பக்கத்து இரண்டு வாயையும் இணைத்துவிட்டால் முடிந்தது. வாயை அடைக்காமல் இணைக்க வேண்டும், பல எஞ்சின்களில் தண்ணீர் சுற்றும் பாதையில் அதுவும் ஒரு பகுதி.

ஜப்பானிலிருந்து வந்த வான்களில் பலவற்றுக்குப் பின் சீற்றிலும் ஒரு ஹீற்றர் உண்டு. பின் சீற்றைக் கழற்றிப் பலகை அடித்தவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. ஆனால் அதற்குப் போகும் இரும்புக் குழாய்கள் அடித்தட்டின் கீழே அப்படியே கிடக்கும், அதில் சூடான தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒருவர் டொல்பின் வானைக் கொண்டுவந்து சொன்னார்: "அண்ணை, ரேடியேற்றரும் மாத்தியாச்சு, பம்பும் மாத்தியாச்சு. ரெண்டு நாளைக்கொருக்கா இன்னும் ஒரு போத்தல் விடவேண்டிக்கிடக்கு." வானுக்குக் கீழே படுத்துப் பார்த்தால் அடித்தட்டு முழுக்கச் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. நடுப்பகுதியில், ஒரு பிடிக் கிளிப்புக்குப் பக்கத்தில் மட்டும் கை அகலத்துக்கு மண் கழுவுண்டு, தகடு பளிச்சென்று தெரிந்தது. கிளிப்புக்குள் சிக்கிய ஈர மண் வருடக்கணக்கில் குழாயை அரித்திருந்தது. வண்டி நிற்கும்போது அது ஒழுகவில்லை, எஞ்சின் வேகமெடுத்து பம்ப் தள்ளும்போது பீய்ச்சி அடித்தது. குழாயை முன்பக்கத்திலேயே இணைத்து மூடியதோடு அவருடைய தண்ணீர்க் கான் வீட்டுக்குப் போனது. ரேடியேற்றருக்கும் பம்புக்கும் அவர் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. சாமான் மாற்றுமுன் வண்டிக்குக் கீழே ஒரு தரம் படுத்துப் பார்க்க அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கீழே ஒரு சொட்டும் விழவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது

இங்கேதான் அவசரப்படாமல், அதேநேரம் தள்ளிப்போடாமல் இருக்க வேண்டும். வெளியே வழி இல்லையென்றால் தண்ணீர், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கஸ்கெற் வழியாகவோ, ஹெட்டில் விழுந்த வெடிப்பு வழியாகவோ எஞ்சினுக்குள் போகிறது. லைற்ஏஸ், ரவுண்ஏஸ் வான்களில் வந்த 2சி டீசல் எஞ்சின் ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வெடிப்பதில் பெயர் எடுத்தது. அந்த எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஆறிய எஞ்சினில் தொடங்குங்கள். மூடி போட்டபடி ஸ்ராற் செய்து, மேல் ஹோஸில் கை வையுங்கள். தண்ணீர் சூடாகி அமுக்கம் ஏற நேரம் எடுக்கும். ஹோஸ் இன்னும் குளிராக இருக்கும்போதே ஒரு நிமிடத்துக்குள் விறைத்தால், அந்த அமுக்கம் சிலிண்டருக்குள்ளிருந்து வருகிறது. திரும்பவும் எஞ்சின் நன்றாக ஆறியதும் மூடியைக் கழற்றிவிட்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஸ்ராற் செய்யுங்கள். தொடக்கத்தில் ஓரிரண்டு குமிழி வந்து நிற்பது தங்கியிருந்த காற்று. நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால், அக்சிலரேற்றரை மிதிக்கும்போது கூடினால், தண்ணீர் எகிறி விழுந்தால், அது எரிந்த வாயு. சந்தேகம் மிச்சமிருந்தால் கராஜில் ஒரு நீலத் திரவம் வைத்துப் பார்க்கலாம். ரேடியேற்றரின் வாயில் வரும் காற்றை அதன் ஊடாக இழுக்க, எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும்.

அடுத்தது ஒயில். ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்த தேயிலை நிறத்துக்கு வந்திருந்தாலோ, ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தாலோ வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தண்ணீர் கலந்த ஒயிலில் ஓடினால் பெயாறிங்குகள் போய்விடும், ஹெட் வேலையோடு முடிய வேண்டியது முழு எஞ்சின் வேலையாக மாறும். ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தால் பயப்பட வேண்டாம். கிட்டக் கிட்ட ஓடும் வண்டிகளில் ஈரம் அப்படிப் படியும்.

மூன்றாவது புகை. மார்கழிக் காலையில் கொஞ்சம் ஆவி வந்து மறைவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் தடித்த வெள்ளைப் புகை, இனித்த மணத்தோடு வந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிறது. டீசல் வண்டியில் எரியாத டீசலும் வெள்ளையாகப் போகும், ஆனால் அதன் மணம் கண்ணைக் கரிக்கும்.

காலையில் சாவி திருப்பும்போது ஸ்ராற்றர் ஒரே தட்டில் இடித்து நின்றால் பற்றறியைக் குறை சொல்லி வேறு வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்து இழுக்காதீர்கள். இரவு முழுக்க சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி நிறைந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்ரனைத் தாங்கும் கொன்ரொட் வளைந்துவிடும். தள்ளி ஸ்ராற் செய்வதும் அதே ஆபத்துத்தான்.

ஹெட் கழற்றினால் கஸ்கெற்றை மட்டும் மாற்றி மூட வேண்டாம். ஹெட்டை லேத் கடைக்குக் கொடுத்து மட்டம் பார்த்து, அமுக்கத் தண்ணீர் விட்டு வெடிப்புப் பார்த்த பிறகே பூட்டுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் பூட்டிய ஹெட்தான் திரும்ப வருகிறது.

ஒட்டோமற்றிக் கியர் வண்டி என்றால் இன்னொன்று. கியர் ஒயில் ரேடியேற்றரின் தொட்டிக்குள் ஒரு குழாயில் ஓடிக் குளிர்கிறது. அந்தக் குழாய் வெடித்தால் இரண்டும் கலக்கும், ரேடியேற்றரிலும் கியரிலும் இளஞ்சிவப்பு நுரை தெரியும். அதற்குப் பிறகு ஓடவே கூடாது.

வழியில் கொதித்துவிட்டால்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34 வீதியில் காட்டுப் பகுதிகள் உண்டு, நெடுங்கேணிப் பக்கமும் அப்படித்தான். கடையும் இல்லை, கராஜும் இல்லை. சூட்டு முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்தி, ஹீற்றர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஓரமாக்குங்கள். ஏறிய முள் திடீரென்று தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சென்சர் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் போனதால் அது இறங்கியிருக்கலாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

ஆற விடுங்கள், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல். கொதிக்கும் எஞ்சினுக்குள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். வெளியே ஊற்றுவதும் கூடாது. ஆறிய பிறகு எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெடித்த ஹோஸை நன்றாகத் துடைத்து, சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டினால் அடுத்த ஊர் வரை வரலாம். மூடியை முதல் தடையில் மட்டும் நிறுத்தி ஓடினால் அமுக்கம் ஏறாது, ஒழுக்குக் குறையும். ஆனால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதிக்கும், ஆகவே மெதுவாக ஓடி, முள்ளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

மஞ்சள்தூள் போடுவதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஊசித்துளை ஒழுக்கு அதில் அடைபடுவது உண்மை. போத்தலில் விற்கும் ஒட்டு மருந்தும் அதே வேலைதான் செய்கிறது. ஆனால் ஒழுக்கை அடைக்கும் பொருள் ஏற்கெனவே படிவு கட்டி ஒடுங்கியிருக்கும் ரேடியேற்றர் குழாய்களையும் அடைக்கும். வேறு வழியே இல்லாமல் போட்டால், வீடு வந்ததும் முழுதாக வெட்டிக் கழுவிவிடுங்கள்.

திரும்ப நிரப்பும்போது

ஒழுக்கைத் திருத்திய பிறகு கிணற்றுத் தண்ணீரை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் இப்போது குடிக்க ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீர் எடுக்கலாம். அதையோ, துப்புரவாகப் பிடித்த மழைத் தண்ணீரையோ பாவியுங்கள். கூலன்ற் பாதி, தண்ணீர் பாதி என்பது வழக்கமான கணக்கு. எங்களுக்கு உறைபனிப் பயம் இல்லை, ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே குறைத்தால் துருவைத் தடுக்கும் சக்தி போதாது. கலந்து விற்கும் கூலன்ற் என்றால் அதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். பச்சையும் சிவப்பும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், சில வகைகள் சேர்ந்தால் களியாகி அடைக்கும். நிறம் மட்டும் பார்த்து வகையை முடிவு செய்யவும் முடியாது. போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

சீற்றுக்குக் கீழ் எஞ்சின் உள்ள வான்களில் காற்றுத் தங்குவது பெரிய பிரச்சினை. முன் பக்கம் சற்று உயர நிற்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீற்றரைத் திறந்து, மூடியில்லாமல் மெதுவாக ஓட விடுங்கள். ஏறத்தாழ 82 பாகையில் தேர்மோஸ்ரற் திறந்ததும் கீழ் ஹோஸ் சூடாகும், தண்ணீர் ஒரேயடியாக இறங்கும். நிரப்பி, குமிழி நின்ற பிறகு மூடியைப் போட்டு, ரிசேவ் போத்தலில் மட்டத்தை மார்க்கர் பேனையால் கீறி வையுங்கள். அடுத்த சில காலைகளில் எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்தக் கோட்டைப் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம், காற்று வெளியேறுவதால். அதற்குப் பிறகும் இறங்கினால் இன்னொரு ஒழுக்கு இருக்கிறது.

வெட்டி எடுத்த பழைய கூலன்ற்றை முற்றத்தில் ஊற்றாதீர்கள், கிணற்றடியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் ஆடும் நக்கும், கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் போய்ச் சாகும். மூடியுள்ள கானில் ஊற்றி, மேலே நஞ்சு என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.